வேற என்னா இருக்கு?

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்லும் உரிமை எனக்கு முன்னால் இன்னொருத்திக்கு இருக்கிறது. ஆகவே தோட்டத்தில் எல்லாரும் கூப்பிட்டதுபோல ஆயாம்மா என்றே நானும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மாத்தளையிலிருந்து மேலே ஏறும் பாதையில், பாதி ரப்பரும் பாதி கொக்கோவுமாக இருந்தது எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால் நாங்கள் உழைத்த தோட்டம், அவ்வளவுதான். நான் பால் வெட்டுகிறவள். விடிகிற நேரத்தில் கத்தியும் வாளியுமாக மலையேறி, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்க வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வேலை நடக்காது. அதற்காகத்தான் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்குக் கீழே பிள்ளைக்காம்பரா என்று ஒன்று இருந்தது. நீளமான ஓர் அறை, விட்டத்தில் நான்கு சேலைத் தொட்டில்கள், மூலையில் அடுப்பு, வாசலில் ஒரு பலாமரம். தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலைக்குப் போவோம். சுமார் இருபது பிள்ளைகளுக்கு ஆயாம்மா ஒருவர்தான்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. நான் அப்படித்தான் சொல்வேன். நேற்றுச் செய்ததை நேற்றுச் செய்ததுபோல இன்று செய்ய அவரால் முடியாது. தொட்டிலை ஆட்ட எல்லா ஆயாமாரும் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டிக்கொள்வார்கள். இவரும் கட்டினார். அடுத்த வாரம் நான்கு தொட்டிலையும் ஒன்றோடொன்று கோர்த்து, ஒன்றை இழுத்தால் எல்லாம் ஆடும்படி செய்தார். அதற்கடுத்த வாரம் போனால் கயிறு கதவில் கட்டியிருந்தது. யாராவது கதவைத் திறந்தால் நான்கு பிள்ளைகளும் ஆடினார்கள். பிறகு அவர் பிள்ளைகளை ஆட்டுவதற்கென்றே போகிற வருகிறவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட ஆரம்பித்தார்.

ஏதாவது இல்லை என்று போய் நின்றால் அவர் வாயிலிருந்து வருவது ஒரே கேள்விதான். “சீனி இல்லையா? சரி, வேற என்னா இருக்கு?” “வெறகு நனஞ்சிருச்சா? வேற என்னா இருக்கு?” கவலையோடு கேட்டால் பரவாயில்லை. கண் இரண்டும் மின்ன, சீனி இல்லாமல் போனதில் ஏதோ லாபம் கிடைத்துவிட்ட மாதிரியல்லவா கேட்பார்!

எல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்றால் இல்லை. ஒரு பையனுக்குத் தலைமயிர் படியவே படியாது. எண்ணெய் இல்லை. வேறு என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார், வாளியில் ரப்பர் பால் இருந்திருக்கிறது. அழகாகப் படிய வாரிவிட்டார். சாயங்காலம் அந்தப் பையனுக்கு மொட்டை அடிக்க வேண்டியதாயிற்று. அவனுடைய தாய் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று தோட்டமே கேட்கும்படி ஏசினாள். கடைசியில் ஆயாம்மா, “ஆனா புள்ள, காய்ஞ்சதும் தொப்பி மாதிரி ஒரே துண்டா வந்திச்சி, பாத்தியா?” என்றார். அவள் இன்னும் கொஞ்சம் ஏசினாள்.

என் மகள் பிறந்த அன்று எனக்கு இந்த மொட்டைத் தலைதான் ஞாபகம் வந்தது. இப்படிப்பட்டவரை நம்பியா பிள்ளையை விட்டுப் போவது?

அது எழுபத்து நாலாம் வருடம், பஞ்சகாலம். அரிசி கிடையாது, கோதுமை மா கிடையாது, ரொட்டிக் கடையில் பாணுக்கு வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பி வருவார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று எங்களுக்கு அந்தச் செடியைப் பார்த்தாலே வெறுப்பு. என் மகளுக்கு அந்தக் கிழங்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. உதடு அழகாகத்தான் இருந்தது, அதனால் யாரும் முதலில் கவனிக்கவில்லை. வாய்க்குள்ளே மேலண்ணம் பிளந்திருந்தது. மார்பில் போட்டால் அவளால் உறிஞ்ச முடியாது. பிழிந்து சங்கில் புகட்டினால் குடித்த பால் மூக்கு வழியாக வெளியே வரும். பிறகு இருமல், நீலம் பாய்ந்த முகம். தோட்டத்து மருந்துச்சாலைக்குக் கொண்டுபோனேன். கொஞ்சம் வளர்ந்து எடை ஏறினால் கண்டி பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து தைத்துவிடலாம் என்றார்கள். எடை ஏற வேண்டும், அதற்குப் பால் இறங்க வேண்டும். அது எப்படி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

நான் காலையெல்லாம் மரத்திலிருந்து வாளி வாளியாகப் பால் இறக்கிக்கொண்டிருந்தேன். என் பிள்ளை கீழே பாலில்லாமல் வற்றிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் எனக்கு யார்மேல் கோபம் வரவில்லை என்று கேளுங்கள், அது சுலபம்.

நாங்கள் வேதக்காரர்கள். பிள்ளை பிழைக்காது என்று என் மாமியார் முடிவு கட்டிவிட்டார். சாமியார் வர நாளாகும், அதற்குள் யாராவது தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள் என்று பிள்ளைக்காம்பராவுக்கே ஒரு செம்புத் தண்ணீரோடு வந்துவிட்டார். ஆயாம்மா செம்பை வாங்கி அடுப்பில் வைத்துச் சுடவைத்தார். “தண்ணி ஊத்துறது இருக்கட்டுங்க. மொதல்ல பால் எறங்குதான்னு பாப்போம்,” என்றார். மாமியார் அவரோடு பேசாமல் இருந்தது பல மாதம்.

பால் இறங்கவில்லை. ஆயாம்மா கரண்டியால் கொடுத்தார், திரியில் நனைத்துக் கொடுத்தார், வாழை இலையைக் குழலாகச் சுருட்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. முதல் தடவையாக அவர் “வேற என்னா இருக்கு?” என்று கேட்காமல் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. இவரே உட்கார்ந்துவிட்டால் நான் யாரிடம் போவேன்?

இந்த இடத்தில் மொண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வாசல் பலாமரத்துக்கு ஒரு குரங்குக் கூட்டம் வரும். அதில் ஒரு பெட்டைக்கு ஏதோ கண்ணியில் மாட்டி ஒரு கையின் விரல்கள் போயிருந்தன. அதற்கு ஆயாம்மா வைத்த பெயர் மொண்டி. கூட்டத்தில் பெரிய கடுவன் தின்ற பிறகு, மற்றவை தின்ற பிறகு, கடைசியாகத்தான் மொண்டிக்கு முறை வரும். அந்த மொண்டிதான் பிள்ளைக்காம்பராவின் மா டின்னைத் திறக்கக் கற்றுக்கொண்டது. ஆயாம்மா மூடியைக் கம்பியால் கட்டினார். மொண்டி கம்பியைப் பல்லால் திருகி எடுத்தது. கல்லை வைத்தார், உருட்டிவிட்டது. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டினார், அன்று மத்தியானம் முழுக்க அது டின்னைக் காலால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். பிறகு அதையும் கழற்றியது. ஆயாம்மா கோபப்பட வேண்டுமே? கைதட்டினார்!

“பசி ஆயாம்மா, பசி. பசி வந்தா எதுக்கும் புத்தி வந்துரும்,” என்றேன் நான். அந்த வருடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் அதுதான்.

“பசிச்சவங்க எல்லாத்துக்கும் புத்தி வந்திச்சா?” என்று கேட்டார் அவர். “நம்ம லயத்துல பாரு. பசி கூடக்கூட எல்லாரும் சுருண்டுல்ல படுத்துட்டாங்க.”

“அப்ப கடைசியா திங்கிறதால. பெரிய கடுவனுக்கு யோசிக்க வேண்டிய அவசியம் இல்ல.”

“அது கொஞ்சம் சரிதான். ஆனா இங்க வந்து பாரு.”

டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. பல நாளாகவே காலி டின்னைத்தான் வெளியே வைக்கிறாராம். காலி என்று மொண்டிக்கும் தெரியுமாம், திறந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுமாம். மறுநாள் மூடியை வேறு விதமாகக் கட்டி வைத்தால் மறுபடி வருமாம்.

“இதுல பசி எங்க இருக்கு சொல்லு? அவளுக்கு இது எப்புடித் தெறக்குதுன்னு பாக்கணும், அம்புட்டுதான். எனக்கு அவ எப்புடித் தெறக்கிறான்னு பாக்கணும்.”

பிள்ளை சாகக் கிடக்கிறது, இங்கே கிழவி குரங்கோடு விளையாடுகிறாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. வாய்விட்டே சொன்னேன்.

அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் அது நடந்தது. நான் பால் வாளியை இறக்கிவிட்டு மூச்சிரைக்க ஓடிவருகிறேன். பிள்ளைக்காம்பராவுக்குள் ஒரே சிரிப்புச் சத்தம். ஆயாம்மா என் மகளைத் தன் மார்போடு நிமிர்த்திப் பிடித்துச் சேலையால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். குந்தி உட்கார்ந்து, ஒரு கையை மடக்கி வைத்துக்கொண்டு, அங்குமிங்கும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். மொண்டி மாதிரி நடிக்கிறாராம். அந்த மாதம் மொண்டிக்கும் ஒரு குட்டி பிறந்திருந்தது, அதை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டுதான் டின் திறக்க வரும். நடக்கிற பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று குதிக்கின்றன. நடிப்பு நிறைவாக இருக்க வேண்டும் என்று, சங்கை எடுத்து என் மகளின் கீழுதட்டில் சாய்த்துச் சாய்த்துக் காட்டியிருக்கிறார்.

திடீரென்று நடிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

“புள்ள, மூக்கப் பாரு,” என்றார்.

மூக்கு காய்ந்திருந்தது. சங்கில் பால் பாதிக்குமேல் குறைந்திருந்தது.

நாங்கள் பிள்ளைக்குப் பால் புகட்டுவது எப்படி? காலை நீட்டி உட்கார்ந்து, காலின்மேல் பிள்ளையை மல்லாக்கப் போட்டு, சங்கை வாயில் வைத்துச் சரிப்போம். என் தாய் அப்படித்தான், அவளுடைய தாயும் அப்படித்தான். ஆயாம்மாவும் கரண்டியை மாற்றினார், திரியை மாற்றினார், இலையை மாற்றினார். பிள்ளையை மல்லாக்கப் போடுவதை மாற்ற வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நிமிர்த்திப் பிடித்தால் பால் கீழேதானே போகும்! பலாமரத்தில் தினமும் ஒரு தாய் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

அழுதுகொண்டு யோசித்தபோது வராதது விளையாடும்போது வந்தது ஏன் என்று பின்னாளில் பல தடவை யோசித்திருக்கிறேன். அவரிடமே கேட்டேன். “அழுவுறப்ப கை பழகின எடத்துக்குத்தான போவுது,” என்றார். அதற்குமேல் அவருக்கு அந்தப் பேச்சில் ஆர்வம் இல்லை.

என் மகள் பிழைத்தாள். சாமியார் வந்து கோயிலிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்.

பிழைத்தவள் பேசத் தொடங்கியபோது அடுத்த கஷ்டம் வந்தது. பிளந்த அண்ணத்தால் காற்றை வாய்க்குள் நிறுத்திவைக்க முடியாது, எல்லாம் மூக்கால் போய்விடும். அதனால் அவளுக்கு ‘ப’ வராது, ‘க’ வராது, ‘ட’ வராது. ‘ப’ என்று சொல்லப்போனால் ‘ம’ என்று வரும். அப்பா என்று கூப்பிட்டால் அம்மா என்று விழும். என் கணவரை நாலு பேர் முன்னால் மகள் “அம்மா! அம்மா!” என்று கூப்பிடுவாள், லயமே சிரிக்கும். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

ஆயாம்மாவிடம் சொன்னேன். “ப வரல்லியா?” என்றார். “சரி, அவ வாயில வேற என்னா இருக்கு?”

மகளை எதிரில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லவைத்துப் பார்த்தார். ஆ இருந்தது, ஐ இருந்தது, ம இருந்தது, ய நன்றாகவே இருந்தது. ஆயாம்மா என்ற வார்த்தையை அவள் முழுசாக, மணி மாதிரிச் சொன்னாள்! பிறகு, “ஐயா சொல்லு,” என்றார்.

“ஐயா,” என்றாள் மகள், ஒரு பிசிறு இல்லாமல்.

தோட்டத்தில் ஐயா என்றால் யார்? கணக்கப்பிள்ளை ஐயா, பெரிய கிளாக்கர் ஐயா. பால் வெட்டுகிறவனை யார் ஐயா என்று கூப்பிடுவார்கள்? நான் பயந்தேன். அவர் பயப்படவில்லை. இவள் ஒருத்தி மட்டும் சொன்னால் இவள் தனியாகத் தெரிவாள் என்று, பிள்ளைக்காம்பராவில் வாய் திறந்த அத்தனை பிள்ளைகளுக்கும் தகப்பனை ஐயா என்று கூப்பிடப் பழக்கிவிட்டார். பிள்ளைகளுக்குப் புது வார்த்தை என்றால் கொண்டாட்டம். ஒரு வாரத்தில் அப்பா என்ற வார்த்தையே அங்கே செத்துப்போனது.

ஒருநாள் பால் நிறுக்கிற நேரம். கணக்கப்பிள்ளை தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறார். பிள்ளைகளை விட்டார்கள். “ஐயா! ஐயா! ஐயா!” என்று ஒரு படையே அவரை நோக்கி ஓடிவருகிறது. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது, குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். படை அவரைச் சுற்றிக்கொண்டு போய், ரப்பர் பால் காய்ந்த கால்சட்டைகளைக் கட்டிப்பிடித்தது. நீட்டின கையை அவர் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“யாரு இதுகளுக்கு இதப் பழக்கினது?”

“நாந்தாங்க ஐயா,” என்றார் ஆயாம்மா. “ஐயாவுக்கு ஒண்ணும் கொறஞ்சி போகல்லீங்களே. ஒத்த ஐயாவா நின்னீங்க, இப்ப தொணைக்கு இருவது ஐயாமாரு.”

ஆண்கள் சிரிப்பை அடக்க வாளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆயாம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிடுவதாகக் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார். நிறுத்தவும் பார்த்தார், ஆனால் அந்தச் சம்பளத்துக்கு இருபது பிள்ளைகளைப் பார்க்க வேறு ஆள் வரவில்லை.

கண்டியில் ஆபரேஷனுக்கு நாள் சொல்லியிருந்த நேரத்தில் எழுபத்தேழுக் கலவரம் வந்தது. கீழே தமிழர் கடைகள் எரிகின்றன என்று சேதி வந்ததும் பட்டப்பகலில் எல்லாரும் கொக்கோ மரங்களுக்குள் போய் ஒளிந்தோம். பாதையில் லொறிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை பிள்ளைகளை எப்படி வாய்மூடி வைப்பது? “சிறுத்த வருது. கொரங்கெல்லாம் என்னா செய்யும்?” என்றார் ஆயாம்மா. பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தோடு ஒட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றன. என் மகளுக்குப் பயந்தால் மூச்சு மூக்கில் சீறும், அதை அவளால் அடக்க முடியாது. ஆயாம்மா அவளை மார்போடு நிமிர்த்திச் சேலைக்குள் கட்டிக்கொண்டார், பால் கொடுத்த அதே மாதிரி. அந்தச் சீறல் அவர் சேலைக்குள் அடங்கிப்போனது. லொறிகள் நிற்காமல் போயின. சிறுத்தை போய்விட்டதா என்று பிள்ளைகள் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தன.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம், போனால் நாள் கிடைக்கவில்லை. ஆபரேஷன் நடந்தபோது அவளுக்கு ஏழு வயது. தைத்துவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று நினைத்திருந்தோம். வரவில்லை. புது அண்ணத்தோடு பழைய பேச்சையே பேசினாள். பேச்சுப் பழக்கும் மிஸ்ஸிடம் மாதம் ஒரு தடவை கண்டிக்குக் கூட்டிப்போனோம். அவர் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு கொடுத்தார். அதை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு ‘ப’ சொல்ல வேண்டும், கண்ணாடியில் ஆவி படியக்கூடாது. எத்தனையோ மாதம் படிந்தது.

ஒருநாள் கண்டியிலிருந்து திரும்பி மாத்தளை பஸ் நிலையத்தில் நிற்கிறோம். என் கணவர் முன்னால் நடந்துகொண்டிருக்கிறார். “அப்பா!” என்று ஒரு குரல். அவர் திரும்பி, எங்களைத் தாண்டிப் பின்னால் பார்த்தார், யாருடைய பிள்ளை யாரைக் கூப்பிடுகிறது என்று. பின்னால் யாரும் இல்லை. பிறகுதான் மகளைப் பார்த்தார். நாங்கள் அன்று ஒரு பஸ்ஸைத் தவறவிட்டோம்.

அடுத்த பஸ்ஸில் அவள் தகப்பன் மடியில் உட்கார்ந்துகொண்டு, “ஆயாம்மாவுக்குப் பேரு என்னா?” என்று கேட்டாள். அவர் யோசித்துச் சொன்னார். எனக்கே அது அன்றுதான் தெரியும். ஆயாம்மாவிடம் நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன், “பேரா? அது கெடக்குது ஒரு பக்கம்,” என்று சொல்லிவிட்டார். அவருடைய புருஷன் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனார். ஆயாம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வயதில் மூத்த ஆள் தோட்டத்தில் யாரும் மிச்சம் இல்லை.

சில நாட்கள் மகள் லயத்துக்குப் பின்னால் போய்க் கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மிஸ் கொடுத்த பாடம் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் அவள் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள், நானும் பின்னால் போனேன். ஆயாம்மா அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். அகப்பை எங்கோ போய்விட்டதுபோல, தென்னம் பாளைத் துண்டு ஒன்றால் கிண்டினார்.

“அப்பா,” என்றாள் மகள். ஆயாம்மாவின் கை நின்றது.

“பாப்பா. பப்பாசி. பலாப்பழம்.”

ஆயாம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மொண்டி சைக்கிள் டியூபைக் கழற்றியபோது பார்த்த அதே பார்வை. சந்தோஷம் முகத்தில் வழிந்தது. ஆனாலும் அவர் அவர்தானே!

“அது சரி,” என்றார். “வேற என்னா இருக்கு?”

மகள் மூச்சை இழுத்துக்கொண்டு, ‘ப’வில் தொடங்கும் அவருடைய பெயரைச் சொன்னாள். முழுசாக, மூக்கில் ஒரு எழுத்தும் கசியாமல்.

“ஏய்! பெரியவங்களப் பேரு சொல்லியா கூப்புடுற?” என்று நான் கையை ஓங்கினேன். ஆயாம்மா பாளைத் துண்டோடு கையை நீட்டி என்னைத் தடுத்தார். கஞ்சி என் சேலையில் சொட்டியது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்ததையும் பார்க்கவில்லை.

“வேற ஒண்ணும் வேணாம் புள்ள,” என்றார். “இதையே இன்னொருக்காச் சொல்லு.”